உலகம் அழிந்த அன்று நான் அடித்த மணி

உலகம் அழிவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரியான ஆசை இல்லைதான். என் வயதுக்காரர்கள் வீடு கட்டுவதையும் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதையும் யோசித்துக்கொண்டிருந்தபோது, மின்சாரமும் அரசாங்கமும் ஒரே நாளில் இல்லாமல் போனால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பேன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். (பதினேழு நாள். உப்பு இருந்தால் இருபது.)

கோட்டாற்றில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்றை எடுத்ததில் தொடங்கியது இது. முதல் பத்துப் பக்கத்திலேயே உலகத்தில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனார்கள். மிச்சப் பக்கங்கள் முழுக்க ஒருத்தன் முதுகில் ஒரு பையோடு நடந்துகொண்டே இருந்தான். அதற்குப் பிறகு அந்த மாதிரிப் புத்தகங்களாகத் தேடித் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் கதாநாயகன் சாதாரண ஆபீஸ்காரன். அழிவுக்கு முன்னால் அவனை ஒருத்தரும் மதிப்பதில்லை. அழிவுக்குப் பிறகு எல்லாரும் அவன் சொல்வதைக் கேட்கிறார்கள். தக்கலையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். அங்கே டீ வாங்கும்போதுகூட என்னிடம் கேட்காமல் வாங்குவார்கள். அந்தப் புத்தகங்கள் ஏன் பிடித்தன என்பது இப்போது புரிகிறது. அப்போது அதை விஞ்ஞான ஆர்வம் என்று நினைத்திருந்தேன்.

அடுக்களைக்குப் பக்கத்து அறையில் சேமிப்பு வளர்ந்தது. அரிசி, மெழுகுதிரி, தீப்பெட்டி, தண்ணீரைச் சுத்தமாக்கும் மாத்திரை, கயிறு, டப்பாவில் அடைத்த மீன். மீன் விஷயத்தில்தான் என் மனைவி ஜெபாவுக்குப் பொறுமை போனது.

"தேங்காப்பட்டணத்து மீனு தெனமும் வண்டியில வாசலுக்கு வருது. நீங்க டப்பா மீன வாங்கி அடுக்கி வச்சிருக்கிய. இத வெளிய யாருட்டயாவது சொல்ல முடியுமா அத்தான்?"

சொல்லக் கூடாது என்பதுதான் முதல் விதி. இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், 'யாரிடமும் சொல்லாதே' என்று எழுதியிருந்தது. சொன்னவன் பிழைத்ததாக நான் படித்த ஒரு நாவலிலும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் அழிவின் அறிகுறிகள். மூன்றாம் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள். நான், ஜெபா. அவ்வளவுதான். ஊருக்கு மேற்கே ரப்பர் தோட்டத்துக்கு மேல் இருக்கும் பொத்தையில் (பெரிய பாறைக் குன்று, அவ்வளவுதான்) இரண்டு பேரும் சந்திப்பதாகத் திட்டம். ஜெபாவிடம் இதைச் சொன்னபோது, வரும்போது மாவு வாங்கிக்கொண்டு வரவேண்டுமா என்று கேட்டாள்.

ஜெபாவின் அப்பா நான்கு வீடு தள்ளி இருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்து பல வருடம் ஆகிவிட்டது. இந்தக் கதை நடந்த வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் பழைய விசிலைப் போலவே இருந்தது. காலையில் ஜெபா கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். சாயங்காலம் நான் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். நடுவில் ஒருமுறை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதால், மாமாவுக்கு இனி அதிக நாளில்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டிருந்தது.

மாமாவுக்கு ஒரு மகன். பெயர் சாம். மஸ்கட்டில் இருந்தான். ஆறு வருடங்களுக்கு முன்னால் பழைய ஓட்டுவீட்டை இடித்துவிட்டுக் கட்டலாம் என்று வந்தான். அதற்கு முற்றத்துப் பலாமரத்தை வெட்ட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அது பிலா. "பிலாவ வெட்டணும்னா மொதல்ல என்ன வெட்டிட்டு வெட்டு" என்றார் மாமா. பேச்சு மரத்தைத் தாண்டி எங்கெங்கோ போய், கடைசியில் சாம் முற்றத்தில் நின்று, "இனி ஒங்க சாவுக்குத்தான் இந்த மண்ண மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு ஒரு போன்கூட இல்லை. மாமா படுத்த செய்தியை ஜெபா எழுதி அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. மாமாவும் அவன் பெயரைச் சொல்வதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அப்பாவும் மகனும் ஒரே அச்சு.

உலகம் அழிந்த அன்று காலை எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். வானம் மூடிக்கொண்டிருந்தது. பதினொன்றரை இருக்கும், கரண்டு போனது. அடுத்த நிமிடம், சத்தத்தை அணைத்து வைத்திருந்த என் போன் அலறியது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. திரையில் ஒரு பெட்டி, நிறைய எழுத்து, கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். கண் வாசிப்பதற்குள் விரல் அமுக்கிவிட்டது. பெட்டி மறைந்தது. எத்தனையோ வருடமாகக் காத்திருந்த செய்தி, வாசிக்காமலே போய்விட்டது.

தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் அதே அலறல் கேட்டது. ஜெபாவுக்குப் போன் போட்டேன், போகவில்லை. டவரே காணோம். நோட்டை எடுத்தேன். அறிகுறி ஒன்று, மின்சாரம் நிற்கும். இரண்டு, தொலைபேசி நிற்கும். மூன்று, பறவைகள் நிலைகொள்ளாமல் பறக்கும். ஜன்னல் வழியே பார்த்தால் காக்கைகள் நிலைகொள்ளாமல் பறந்துகொண்டிருந்தன. (ஒரு தெரு போன் மொத்தமும் அலறினால் காக்கை பறக்காமல் என்ன செய்யும்.) ஆபத்து வந்தால் மக்களுக்குச் செய்தி அனுப்ப அரசாங்கம் செய்துபார்த்த சோதனைதான் அந்த அலறல். முந்தின ஞாயிறு ஆராதனையில் போதகரே அறிவித்திருந்தார். அறிவிப்பு நேரத்தில் நான் தூங்குவது வழக்கம்.

பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மாமா வீட்டு வாசலைக் கடந்துதான் போகவேண்டும். கதவு திறந்திருந்தது. கட்டிலின் கால் தெரிந்தது. இந்த இடத்தை இத்தனை வருடமாகச் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வருகிறேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் வண்டியை நிறுத்தவில்லை. நடக்க முடியாதவர்களைப் பற்றி என் நோட்டில் ஒன்றும் இல்லை. நான் படித்த நாவல்களில் அவர்கள் எல்லாரும் முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுவார்கள். ஒரு நாவலாசிரியரும் அவர்களை யார் தூக்கினார்கள் என்று எழுதியதில்லை.

ஆனால் கோயில் முன்னால் வந்ததும் வண்டியை நிறுத்தினேன். (எங்கள் பக்கம் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் பேர்.) ஊருக்குச் சொல்லிவிட்டால் நான்கு பேர் சேர்ந்து மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வாயில் பஞ்சு, கத்த முடியாது. மணியை அடிப்பது என்று முடிவு செய்தேன். சிவப்பு மையில் எழுதிய முதல் விதியை அந்த நிமிடம் மீறினேன். அன்று நான் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கோயில் மணி, வெள்ளைக்கார மிஷனரி காலத்தது. தினமும் அடித்துப் பழகியவருக்குத்தான் கயிறு வசப்படும். ஆபத்து என்பதால் படபடவென்று அடிக்கத்தான் முயன்றேன். முழு உடம்பையும் போட்டு இழுத்தால் ஒரு அடி விழும். அடுத்த இழுப்புக்கு மூச்சு வாங்கவேண்டும். டங். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு டங். ஆராதனைக்கு மணி அடுக்கடுக்காக விழும். இப்படி ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு விழுந்தால் ஊரில் சாவு. இது எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்ததால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மணியடிக்கிற யேசுவடியான் அண்ணன் பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். கண்ணில் நீர், வாயோரம் ரத்தம் கசிந்த பஞ்சு, பேச்சு வரவில்லை. இன்னாருடைய மருமகன் வேறு. தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். என்னிடமிருந்து கயிற்றை மெல்ல வாங்கினார்.

"நீங்க போங்க பிள்ளே. நடக்க வேண்டியதப் பாருங்க. நான் அடிக்கேன்."

உலகம் அழிகிற நேரத்திலும் தன் வேலையை விடாமல் நிற்கிறாரே மனிதர் என்று நினைத்தேன். அவரைக் கும்பிட்டுவிட்டுப் பொத்தைக்கு வண்டியை விட்டேன்.

மேலே ஏறி ஊர் வருவதற்காகக் காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஆட்கள் எல்லாத் தெருவிலிருந்தும் கிளம்பி எதிர்ப்பக்கமாகப் போனார்கள். ஒரு டெம்போவில் நாற்காலிகள் போயின. அழிவு காலத்தில் நாற்காலியோடு ஓடுகிறவர்களை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. மூடர்கள், இவர்களைக் காப்பாற்ற முடியாது என்று வருந்திக்கொண்டே மீன் டப்பாவை எடுத்தேன். ஏழு விதமாக விரிகிற கத்தியில் ஆறை விரித்தும் டப்பா திறக்கவில்லை. (திறந்திருந்தாலும் வாயில் பஞ்சு.) கொஞ்ச நேரத்தில் மாமா வீட்டு முற்றத்தில் நீலத் தார்ப்பாய் ஏறியது. அது சாவு வீட்டுப் பந்தல் என்று மேலேயிருந்து பார்த்தாலும் தெரியும். போன் அலறிய சத்தத்தைக் கேட்டு, துணைக்கு ஆளில்லாமல், தனியாகக் கிடந்து மாமாவின் நெஞ்சு நின்றுவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பஞ்சைத் துப்பிவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டு, முதுகில் பையோடு முற்றத்துக்குள் நுழைந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. பிலா மூட்டில், மரத்தடியில் போட்ட நாற்காலியில் சாய்ந்து மாமா சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார். எவ்வளவு கோபத்திலும் எனக்குக் கொடுக்கும் மரியாதையை அவர் குறைத்ததில்லை. "எனக்கு மணி அடிச்சிட்டு எங்க போனிய?"

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்திருந்த ஜெபா தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ என் முதுகிலிருந்து பையை இறக்கினார்கள். மேலே செருகியிருந்த நோட்டை மாமா வாங்கி வலது கையால் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். இரண்டு பெயர்தான் இருந்தது, வாசிக்க நேரமாகாது.

"இதுல எம்பேரு காணல்லியே."

அவ்வளவு கூட்டத்தில் ஒரு ஆள் சிரிக்கவில்லை.  வெட்கம் என்பதை அதற்கு முன்னால் பல தடவை பட்டிருக்கிறேன், அன்றுதான் அது என்னவென்று தெரிந்தது. சுற்றிப் பார்த்தேன். மணி அடித்து அரை மணி நேரத்துக்குள் பந்தல், நாற்காலி, அண்டா நிறையச் சாயா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் என்று ஒரு கார், கஞ்சிக்கு அரிசி கழுவுகிற இரண்டு பெண்கள். ஒரு நோட்டும் இல்லாமல் இவ்வளவும் நடந்திருந்தது. செத்தவர் எழுந்து உட்கார்ந்து 'யாருல செத்தது' என்று கேட்ட பிறகும், வந்தது வந்தோம் என்று கஞ்சிக்கு உலை வைத்துவிட்டிருந்தார்கள்.

அப்போது டவர் திரும்பி வந்தது. ஜெபாவின் போன் அடித்தது. மஸ்கட்டில் சாமோடு தங்கியிருந்த எங்கள் ஊர்க்காரர். டவர் இருந்த பக்கத்து ஊரிலிருந்து யாரோ சபை வாட்ஸ்அப் குழுவில் மாமாவின் படமும் மெழுகுதிரியும் போட்டு இரங்கல் அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சாமிடம் காட்டிவிட்டார். சாம் போட்டிருந்த உடுப்போடு விமான நிலையத்துக்குப் போய்விட்டான். ஜெபா விஷயத்தைச் சொன்னதும், செய்தி பொய் என்று சாமுக்கு உடனே சொல்லிவிடுகிறேன் என்று அவர் பதறினார்.

மாமா கையை உயர்த்தினார். பழைய டிரில் மாஸ்டர் கை. முற்றம் அமைதியானது.

"சாவுக்கு வருவேன்னான். வாறான். சொன்ன சொல்லக் காப்பாத்துதான்." பந்தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "யாரும் சொல்லாண்டாம். வரட்டு. பந்தல் கெடக்கட்டு" என்றார்.

சாமே கூப்பிட்டபோது ஜெபா போனை எடுத்து "அண்ணா" என்று மட்டும் சொன்னாள். ஆறு வருடம் கழித்துக் கேட்ட குரல் அது. அதற்கு மேல் அவளுக்கு அழுகைதான் வந்தது. அவனும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து அவனைக் கூட்டிவர வேண்டும். யார் போவது என்ற கேள்வியே எழவில்லை. பக்கத்து வீட்டுக் காரைக் கொடுத்து என்னை அனுப்பினார்கள். விமான நிலைய வாசலில் சாம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆள் மெலிந்து, காதோரம் நரைத்திருந்தான். காரில் நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கடைசியா என்ன சொன்னாரு மாப்ள?"

பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்று காலை நான் கிளம்பும்போது மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். "ஒங்கள முன்சீட்டுல இருத்தணும்னு சொன்னாரு மச்சான். பின்னால இருந்தா ஒங்களுக்குச் சத்தி வரும்னு."

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சாம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சின்ன வயதில் பஸ்ஸில் அவனுக்கு வாந்தி வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு ஆண் அப்படி அழுது நான் பார்த்ததும் இல்லை. மாமா பேச்சைக் கேட்பதா, இந்த அழுகையை நிறுத்துவதா என்று பாறசாலை வரைக்கும் என்னோடு நானே மல்லுக்கட்டினேன். களியக்காவிளையில் ஒரு சாயாக்கடை முன்னால் காரை ஓரங்கட்டி, இரண்டு சாயா சொல்லி, போன் அலறியதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோட்டையும் மூன்றாம் பக்கத்தையும்கூட மறைக்கவில்லை.

சாம் கிளாஸை முழுக்கக் குடித்து முடித்தான். பெஞ்சில் வைத்தான். பிறகு ஓங்கி ஒரு அறை. பல் பிடுங்கிய பக்கம்.

கடைக்காரர் ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல, சொந்தக்காரனாக்கும்" என்றான் சாம். முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினான். "இன்னொரு சாயா சொல்லு மாப்ள." அதையும் குடித்த பிறகு, "எனக்குத் தெரியும்னு அப்பாட்ட சொல்லாத, கேட்டியா" என்றான்.

ஊரே முற்றத்தில் நின்றது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இருந்தும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். யேசுவடியான் அண்ணன் மட்டும் சிரிப்பு தாங்காமல் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். மாமா சலவை வேட்டி கட்டி அதே நாற்காலியில் இருந்தார். சாம் வாசலில் நின்றான். முற்றத்து மண்ணில் இன்னும் கால் வைக்கவில்லை.

"செத்தாத்தான் வருவேன்னு சொல்லியிருந்தேன்" என்றான்.

"செத்துட்டேன்னுதான் எல்லாரும் சொன்னாவ" என்றார் மாமா. "நான் என்ன செய்யட்டு?"

அவன் உள்ளே வந்தான்.

பதினொரு நாள் இருந்தான். பிலாவைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. அதில் அந்த வருடம் நல்ல காய்ப்பு. பார்க்க வந்துகொண்டே இருந்தவர்களுக்கு என் அறையிலிருந்துதான் அரிசி போனது, மெழுகுதிரி போனது. மீன் டப்பாக்களை மட்டும் யாரும் தொடவில்லை. பதினேழு நாள் என்று நான் எண்ணி வைத்திருந்த சேமிப்பு ஆறாம் நாளே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சாம் ஒவ்வொரு லீவுக்கும் வந்தான்.

இந்தக் கதை என்னோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. குடும்பமாக எங்கே கிளம்பினாலும், கல்யாணமாக இருந்தாலும் கடற்கரையாக இருந்தாலும், காரில் ஏறுமுன் மாமா கேட்பார். "மாப்பிள்ளை, நம்ம பேரு லிஸ்ட்ல உண்டா?" நேரம் தவறிக் கோயில் மணி அடித்தால் முதல் போன் எனக்குத்தான் வரும், நீயா என்று கேட்டு. அந்த நாவல்களை இப்போதும் படிக்கிறேன். ஆனால் முதல் அத்தியாயத்தில் யாரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அதோடு பல புத்தகங்களை மூடிவைத்துவிடுகிறேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்த மாமா எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோயிலுக்குப் போனேன். யேசுவடியான் அண்ணனுக்குத் தோள்பட்டை வலி. என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

அடித்தேன். இந்தத் தடவை எனக்கு அந்த அடி நன்றாகவே வந்தது. டங். இடைவெளி. டங். நாலாவது அடியில் சட்டைப்பையில் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்.

"மக்கா, மணி அடிக்கது நீயா?"

"நான்தான்."

"செரி, அப்ப ஒண்ணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. மருமகன் மறுபடியும் ஏதோ கிறுக்குத்தனம் பண்ணுகிறான் என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கால் மணி நேரம் எங்கள் ஊரைப் பொறுத்தவரை மாமா பிலா மூட்டில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.